கொக்கி இல்லாத ஜாக்கெட்

ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்ட இரண்டு கை வேண்டும் என்பது எனக்கு நாற்பது வயது தாண்டும்வரை உறைக்கவில்லை. அதுவரை எத்தனையோ ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கம் கொக்கி, எதிர்ப்பக்கம் நூலால் கட்டிய காது. ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும், மறு கை கொக்கியைக் காதில் நுழைக்கும். பேசிக்கொண்டே, அடுப்பைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு டீச்சர் இருந்தாள். பனவடலிசத்திரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை. புருஷன் பட்டாளத்தில். லீவு கிடைத்தால் வருவான், கிடைக்காவிட்டால் மணியார்டர் மட்டும் வரும். வீட்டில் வயசான மாமனார், கல்யாணத்துக்கு நின்ற நாத்தனார், இவள். அவ்வளவுதான் ஆள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். டீச்சர் ஒரு காலைப் படியில் வைத்ததும் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். கம்பியைப் பிடித்த வலது கையை விடாமல் கொஞ்ச தூரம் இழுபட்டிருக்கிறாள். எலும்பு ஒடியவில்லை. தோளில் நரம்பு போய்விட்டது என்றார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். கை இருந்தது, விரல் இருந்தது, போட்ட வளையல் போட்டபடி இருந்தது. நாம் எடுத்து மடியில் வைத்தால் மடியில் இருக்கும். தானாக எழும்பாது.

அவள் அழுது நான் பார்த்ததில்லை. இடது கையால் எழுதப் பழகினாள். முதலில் பிள்ளைகள் சிரித்தார்களாம், பிறகு அவர்களே மறந்துவிட்டார்களாம். சேலை கட்டும்போது இடுப்பைச் சுவரோடு அழுத்தி, கொசுவத்தைப் பல்லால் கடித்து, எப்படியோ ஒரு வழி கண்டுபிடித்தாள். கொண்டையைக்கூட ஒற்றைக் கையால் சுருட்டி ஊசியைக் குத்திக்கொள்வாள். இந்தக் கொக்கி ஒன்றுதான் அவளுக்கு வசப்படவில்லை. விடியலில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். நாத்தனார்க்காரி பாதித் தூக்கத்தோடு எழுந்து வந்து, கண்ணைத் திறக்காமலே மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

அந்த நாத்தனாருக்கு இளையரசனேந்தல் பக்கம் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் வேறு பெண் ஆள் இல்லை. மாமனாரிடமா போய் மாட்டிவிடச் சொல்ல முடியும்?

மாமனார் நல்ல மனுஷன். குத்தலாகச் சொல்லவில்லை. "போதும் தாயி, இந்தக் கையோட இம்புட்டு நாள் அலைஞ்சது போதும். வீட்டோட இரு" என்றார். டீச்சர் மறுநாள் துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, கொக்கி இல்லாம ஒரு ஜாக்கெட் தைக்க முடியுமா?"

இந்த ஊரில் என் தையல் போகாத தெரு கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். கல்யாணப் பட்டுக்கு உள்ள ஜாக்கெட் துணியை என்னிடம் கொடுத்துவிட்டு எந்த வீட்டிலும் கவலைப்பட்டதில்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்து, கூட்டிக் கூட்டித்தான் வரும். ஆனால் இஞ்ச் டேப்பும் கத்திரியும் நான் சொன்னபடி கேட்கும். "முடியாமலா?" என்றேன்.

முதலில் கொக்கிக்குப் பதிலாக டிச் பட்டன் வைத்தேன். விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் டிக்கென்று மூடிக்கொள்ளும். டீச்சர் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு போனாள். போர்டில் உயரத்தில் எழுதக் கையைத் தூக்கியிருக்கிறாள், பட்டன் வரிசையாகத் திறந்துகொண்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, மணி அடிக்கிறவரை பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி போர்டையே பார்த்து நின்றாளாம். அடுத்து ஜிப் வைத்தேன். ஜிப்பை மேலே இழுக்க ஒரு கை போதும், ஆனால் அடிமுனையை இன்னொரு கை பிடிக்காவிட்டால் அது நகராது. நாடா வைத்துக் கட்டுவதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

"இதெல்லாம் எதுக்கு டீச்சர்? நான் எப்படியும் தண்ணி பிடிக்க எந்திரிக்கிறவ. காலம்பற வந்து மாட்டிவிட்டுட்டுப் போறேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "ஒரு மாசம் வருவீய. அப்புறம் உங்களுக்கு ஒரு காய்ச்சல் வரும், ஒரு விசேஷ வீட்டுக்குப் போவீய. நான் சேலையைச் சுத்திக்கிட்டு உங்க வாசல்ல நிப்பேன். தெருவே பாக்கும்."

நான் அந்த ஜிப்பைப் பிரித்தெடுக்க உட்கார்ந்தேன்.

ஆடி பிறந்த சமயம் அவள் ஒரு காகித உறையைக் கொண்டுவந்தாள். சிங்கப்பூரில் இருக்கும் அவள் அண்ணன் அனுப்பியது. அவன் பெண்டாட்டி அங்கே தைக்கிறவளாம். தங்கச்சி கை இப்படி ஆன பிறகு யோசித்து, சட்டை வெட்டுகிற அளவுக் காகிதம் வைத்துக் கடையில் விற்கிற அந்த உறையையும், அதற்கு ஏற்ற துணியையும் வாங்கி, ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்து விட்டிருக்கிறாள்.

உறையின் மேலே இரண்டு வெள்ளைக்காரிகள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்கள். உடம்போடு ஒட்டின சட்டை போட்டிருந்தார்கள். நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இதுல திறப்பு எங்க இருக்கு டீச்சர்?"

"திறப்பே கிடையாதுக்கா. தலை வழியா மாட்டிக்கிடணும். துணி இழுபடும்."

"பனியன்னு சொல்லுங்க."

"பனியன்தான். மேல சேலை கட்டிட்டா யாருக்குத் தெரியும்?"

"எல்லாவளுக்கும் தெரியும்" என்றேன். "நைட்டியப் பாத்தே வாயைப் பொத்துத ஊரு இது."

"பாத்துட்டுப் போறா. பஸ்ஸப் பிடிச்சிட்டனா இல்லையான்னுதான் எனக்கு" என்றாள்.

உறைக்குள்ளே மெல்லிசுக் காகிதம் மடித்து மடித்து வைத்திருந்தது. ஆப்பிளைச் சுற்றி வருமே, அந்த மாதிரி. மூச்சு விட்டால் பறந்தது. முன்பக்கம், முதுகு, கை, கழுத்துப்பட்டி என்று எல்லாம் அதில் கோடு போட்டு அச்சடித்திருந்தது. அதை வெட்ட எனக்குப் பயமாக இருந்ததால், பழைய செய்தித்தாளை அடியில் விரித்து, பென்சிலால் கோட்டின்மேல் அழுத்தி வரைந்து பிரதி எடுத்தேன். பிறகு டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். முன்பக்கமும் முதுகும் சேர்த்தால் டீச்சரின் மார்புச் சுற்றளவுக்கே வரவில்லை.

"இது ஏதோ சின்னப் பிள்ளைக்கு உள்ளது. மாத்தி அனுப்பிட்டாவ."

டீச்சர் உறையில் இருந்த இங்கிலீஷைப் படித்துப் பார்த்துச் சொன்னாள். "இல்லக்கா. துணி இழுபடுத அளவைக் கழிச்சுத்தான் வெட்டியிருக்காவளாம். இந்தா, ஓரத்துல ஒரு கோடு போட்டிருக்கு பாருங்க. துணிய மடிச்சு இதுல வச்சு இழுக்கணும். இங்கேருந்து இது வரைக்கும் வந்தா இந்தத் துணி ஆகும்."

வைத்து இழுத்தேன். வந்தது. விட்டால் பழையபடி சுருங்கிக்கொண்டது. பார்த்துவிட்டும் எனக்கு மனசு ஒப்பவில்லை. உடம்பு அளவு எடுப்போம், மூச்சு விடக் கொஞ்சம் கூட்டுவோம், நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்து விட உள்ளே ஒரு விரற்கடை துணி மடித்து விடுவோம். இதுதான் தொழில். உடம்பைவிடச் சின்னதாகத் துணியை வெட்டு என்று ஒருத்தி சொன்னால், அவள் வெள்ளைக்காரியாக இருந்தாலும் சரி, எப்படி நம்புவது?

நல்லவேளை, அந்தத் துணியில் கை வைக்கவில்லை. நாவல்பழ நிறத்தில் மினுமினுப்பாக இருந்தது. இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. கெட்டால் கெட்டதுதான். அதனால் முதலில் ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம் என்று, என் வீட்டுக்காரர் கொடியில் காயப்போட்டிருந்த கைவைத்த பனியன்களை எடுத்துப் பிரித்தேன்.

பிரித்ததை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். துணி கொடுக்க வேண்டும், அதுதானே கணக்கு? நெய்த துணி நேராக இழுத்தால் கொடுக்காது, மூலைவாட்டில் இழுத்தால் கொடுக்கும். நல்ல ஜாக்கெட்டைக் கிராஸில் வெட்டுவது அதற்காகத்தான். காகிதத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, துணியை இந்தப் பக்கமாக வை என்று காட்டியிருந்தது. வெள்ளைக்காரிக்கு கிராஸ் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டு, நான் காகிதத்தைச் சாய்த்து வைத்தேன். சுற்றிலும் வழக்கம்போலக் கூட்டினேன். உள்ளே பிரித்து விடவும் துணி விட்டேன். வெட்டித் தைத்து, டீச்சரை வரச் சொன்னேன்.

நாத்தனாரும் கூட வந்தாள். உள்ளே வைத்து மாட்டிவிட்டோம். தோள் இரண்டு பக்கமும் வழிந்தது. பக்கவாட்டுத் தையல் வயிற்றுக்கு முன்னால் வந்து நின்றது. கீழ்ப்பக்கம் ஒரு ஓரம் தொங்கியது, ஒரு ஓரம் ஏறியது.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். "மதினி, நான் இளையரசனேந்தலுக்கே போகாண்டாம். இதுக்குள்ள உங்ககூடவே இருந்துக்கிடுதேன்."

"சும்மா கெட" என்று டீச்சர் அவளை அதட்டினாள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் தைத்த துணியைப் போட்டுக்கொண்டு ஒருத்தி சிரிப்பது அதுவரைக்கும் நடந்ததில்லை.

அவர்கள் போனபிறகு தையலைப் பிரித்தேன். பெரிதாக வெட்டினதில் ஒரே லாபம், அதிலேயே மறுபடி வெட்டத் துணி இருந்தது. இந்த முறை அந்த அம்புக்குறி காட்டிய பக்கமே காகிதத்தை வைத்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. உள்ளே துணி விடாமல் வெட்டும்போது, சட்டியில் உப்புப் போடாமல் குழம்பு இறக்குகிற மாதிரி இருந்தது. தைத்துத் தூக்கிப் பிடித்தால் பொம்மைக்குத் தைத்ததுபோல இருந்தது. இது எந்த உடம்பில் ஏறும் என்று நினைத்தேன்.

டீச்சர் உடம்பில் ஏறியது. ஏறினதோடு இல்லை, அளவெடுத்து வார்த்ததுபோல உட்கார்ந்தது. தோளில் சுருக்கம் இல்லை, கக்கத்தில் பிடிப்பு இல்லை. நான் ஜாக்கெட்டுக்கு மடித்து மடித்து டாட் பிடித்து, பட்டி வைத்து, முட்டி மோதிக் கொண்டுவருகிற வடிவத்தை அந்தத் துணி சும்மா இழுபட்டே கொடுத்தது. நான் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குறை சொல்ல ஒரு இடம் கிடைக்குமா என்றுதான் பார்த்தேன்.

குறை கழற்றும்போது வந்தது. நாத்தனார் கழுத்தைப் பிடித்துத் தலைக்கு மேலே இழுத்தாள். படபடவென்று ஒரு சத்தம். கழுத்துப்பட்டி பாதி அறுந்து தொங்கியது. கக்கத்தில் ஒரு கோடு முழுவதும் விட்டிருந்தது. துணி கிழியவில்லை. தையல் விட்டுப்போயிருந்தது. என் தையல்.

"பழைய பனியன்லா அக்கா, அதான்" என்றாள் நாத்தனார். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

டீச்சர் அறுந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விடுங்கக்கா. ஒரு வேளை இதெல்லாம் நமக்கு ஆகாதோ என்னமோ. எங்க மாமா சொல்லுத மாதிரி..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஆவணி இன்னும் பிறக்கல" என்று சொல்லி அனுப்பினேன்.

கொடியில் இன்னும் ஒரு பனியன் கிடந்தது. என் வீட்டுக்காரருக்குப் பூ மார்க்கெட்டில் எடை போடுகிற வேலை. தினமும் அந்தப் பனியனை ஈரத்தோடு தலைக்கு மேலே இழுத்துக் கழற்றுவார். அது ஏன் அறுவதில்லை? உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு முனையைக் கத்தரித்து நூலைப் பிடித்து இழுத்தேன். சரசரவென்று ஒரே நூலாக உருவிக்கொண்டு வந்தது. தையல் இருந்தது ஒரு சாண் நீளம்தான். கையில் வந்த நூல் அதைப்போல இரண்டு மூன்று பங்குக்கு இருந்தது. வளையம் வளையமாகக் கோத்து, உள்ளே அவ்வளவு நூலைத் தங்க வைத்திருந்தார்கள். துணி இழுபடும்போது நூலும் இழுபட இடம் இருந்தது. என் மிஷின் போடுகிற தையல் கம்பிபோல நேராக ஓடும், அதில் மிச்சம் கிடையாது. இத்தனை வருஷம் அந்த நேர்க்கோட்டைத்தான் ஊரே மெச்சியது.

மிஷினில் நூலின் இறுக்கத்தைத் தளர்த்தி, துணியை முன்னும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு மிதித்துப் பார்த்தேன். பக்கவாட்டுக்கு அது போதுமாக இருந்தது. கழுத்துக்கும் கக்கத்துக்கும் போதவில்லை. அந்த மாதிரி வளையம் போட என் மிஷினுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். தலையணை உறையில் ரோஜாப்பூக் கொடி போடுவோமே, சங்கிலித் தையல், அது வளையத்துக்குள் வளையம்தான். ஆனால் மிஷின் வாங்கிய நாளிலிருந்து கையால் தைத்துக் கொடுத்ததாக ஒரு பேர் வரக்கூடாது என்று வைத்திருந்தேன். கையால் தைப்பது மதியம் சும்மா இருக்கிறவள் செய்கிற வேலை என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நைலான் நூலைக் கோத்துக்கொண்டு, கழுத்தையும் கக்கத்தையும் சங்கிலிபோட்டுத் தைக்க உட்கார்ந்தேன். யாராவது தெருவில் வந்தால் மடியில் ஒரு பாவாடைத் துணியைப் போட்டு மூடிக்கொண்டேன்.

தைத்து முடித்துப் பிடித்து இழுத்தேன். இன்னும் பலமாக இழுத்தேன். அறவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தால் மறுபடியும் அவமானப்பட்டிருப்பேன். ஒரு யோசனை வந்தது. இதுவரை நாங்கள் இரண்டு பேர் நின்று அவளுக்கு மாட்டிவிட்டுத்தானே பார்த்திருக்கிறோம்? அவள் தனியாகப் போடுவாளா என்பதுதானே விஷயம்? அதனால் கதவைச் சாத்திவிட்டு, என் வலது கையைப் பழைய சேலைக் கிழிசலால் இடுப்போடு சேர்த்து, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். பிறகு இடது கையால் அந்தப் பனியன் ஜாக்கெட்டை எடுத்துத் தலை வழியாகப் போட்டேன். என் உடம்பும் அவள் உடம்பும் ஏறக்குறைய ஒரே வாகுதான்.

தலை போனது. இடது கை போனது. கட்டின கை போகவில்லை. அதற்குள் ஜாக்கெட் என் முகத்தைச் சுற்றிச் சுருண்டு, இடது கை மேலே தூக்கினபடி மாட்டிக்கொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. மூச்சு முட்டியது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் மார்க்கெட்டிலிருந்து வந்து பின்வாசல் வழியாக நுழைந்தார்.

"ஏட்டி! என்ன கோலம் இது? யாரு கட்டிப் போட்டா?"

"யாரும் கட்டல. நானேதான் கட்டிக்கிட்டேன்."

"நீயே எதுக்குக் கட்டின?"

"கிட்ட வராதிய! கை வைக்காதிய! நானா வெளிய வரணும்."

அவர் நின்ற இடத்திலிருந்தே உற்றுப் பார்த்தார். பிறகு, "அது என் பனியன்லா?" என்றார்.

"ஆமா."

"கொடியில இருந்த எல்லாமுமா?"

"ஒண்ணு மிச்சம் இருக்கு. அதுலயும் கொஞ்சம் நூல் உருவிட்டேன்."

"சரித்தான்" என்று சொல்லிவிட்டு நடையில் போய் உட்கார்ந்தார். "வெளிய வந்தா சோறு போடு. வரலைன்னாலும் சொல்லு, நானே போட்டுத் திங்கேன்."

நான் வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுவரில் முதுகைத் தேய்த்து வந்தேன். ஆனால் உள்ளே சிக்கிக் கிடந்ததில் மூன்று விஷயம் எனக்குப் புரிந்தது. வராத கையை முதலில் நுழைக்க வேண்டும். அதற்கு ஜாக்கெட்டில் அந்தப் பக்கத்துக் கை மட்டும் கொஞ்சம் விசாலமாக இருக்க வேண்டும், மற்ற கையின் அளவு உதவாது. முதுகுப் பக்கம் சுருண்டுகொண்டால் ஒற்றைக் கையால் எட்டி இழுக்க முடியாது, பின்னால் கீழ்விளிம்பில் ஒரு நாடா வளையம் வைத்தால் விரலை விட்டு இழுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் அந்தக் காகிதத்தில் இல்லை. அந்த வெள்ளைக்காரிகளுக்கு இரண்டு கையும் இருந்தது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் புதுத்துணி தைக்க வந்து குவிந்தது. அந்தக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் நாவல்பழத் துணியை விரித்தேன். கத்திரியைத் துணியில் வைப்பதற்கு முன் தயங்கியது என் வாழ்க்கையில் குறைவு. அன்றைக்குத் தயங்கினேன். காகிதம் சொன்ன அளவு, காகிதம் சொன்ன அம்புக்குறி. வலது கை மட்டும் நான் சொன்னபடி. கை போன பிறகு டீச்சர் உள்பாடி போடுவதை விட்டுவிட்டாள், அதற்கும் கொக்கிதானே. அதனால் முன்பக்கத்தை மட்டும் இரட்டைத் துணியாக வைத்துத் தாங்கலாகத் தைத்தேன். நீளத்தையும் ஜாக்கெட் அளவுக்குக் குறைத்தேன். கழுத்தையும் கக்கத்தையும் சங்கிலித் தையல். இந்தத் தடவை நடையிலேயே உட்கார்ந்து தைத்தேன். இரண்டு பேர் நின்று பார்த்து, "என்னக்கா, மிஷின் ரிப்பேரா?" என்று கேட்டார்கள். "மிஷினுக்கு இது தெரியாது" என்று சொன்னேன்.

முடித்த சாயங்காலம் நானே எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கல்யாண வீட்டுக்கு உள்ள களை வந்திருந்தது. புதுப் பாத்திரங்கள் ஒரு மூலையில் அடுக்கி இருந்தன. மாமனார் பத்திரிகை கொடுக்கக் கரிவலம் பக்கம் போயிருந்தார். நாத்தனார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

எந்தக் கை முதலில், வளையம் எங்கே இருக்கிறது என்று டீச்சரிடம் சொன்னேன். அவள் ஜாக்கெட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனாள். நாத்தனார் வழக்கம்போலப் பின்னாலேயே போனாள். கதவு அவள் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது.

அவள் கதவோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

"மதினி, கை நுழைஞ்சிட்டா?"

"ம்."

"தலை?"

உள்ளே துணி இழுபடுகிற சத்தம் வந்தது.

"மதினி? சிக்கிக்கிட்டா? நான் வரட்டா?"

"ஏட்டி, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரி" என்று துணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். "இத்தன நாளா நான்தாக்கா மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கிட்டே மாட்டுவேன்" என்றாள். நான் அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

கதவு திறந்தது. டீச்சர் சேலை இல்லாமல், பாவாடையோடு அந்த நாவல்பழ ஜாக்கெட்டில் நின்றாள். நாடா வளையம் வயிற்றுக்கு முன்னால் தொங்கியது. முன்பின் மாறிப்போயிருந்தது.

நாத்தனார் சிரித்துக்கொண்டே, "முதுகு முன்னால வந்திருக்கு, வாங்க" என்று கையை நீட்டினாள். எனக்கும் கை தன்னாலே எழுந்தது. டீச்சர் ஒரு எட்டு பின்னால் வைத்தாள்.

"தொடாத."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் நாத்தனாரின் கை அப்படியே நின்றுவிட்டது. டீச்சர் குனிந்து தொங்கின வளையத்தைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டாள், மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.

இந்தத் தடவை நாத்தனார் கதவுப் பக்கம் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், புடைக்கவில்லை. உள்ளே கால் மாற்றி வைக்கிற சத்தமும், வளையல் சுவரில் உரசுகிற சத்தமும் வந்தது. ஒரு தடவை ஏதோ விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் அசையவில்லை. கழுத்தை இழுக்கும்போது சங்கிலி தாங்குமா என்று என் காது முழுக்க அங்கேதான் இருந்தது. படபடச் சத்தம் வரவில்லை.

நெடுநேரம் கழித்து டீச்சர் வெளியே வந்தாள். ஜாக்கெட் சரியாக இருந்தது. சேலையும் கட்டியிருந்தாள், பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற மாதிரியே. நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை. நாத்தனார் எழுந்து அவளைச் சுற்றி வந்து பார்த்தாள், எங்கேயும் தொடவில்லை. பிறகு திரும்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

டீச்சர் என்னைப் பார்த்து, "எவ்வளவு நேரம் ஆச்சுக்கா?" என்று கேட்டாள்.

"முதல் பஸ் போயிருக்கும் டீச்சர்" என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கு இன்னும் கொஞ்சம் முன்னாலயே எந்திரிக்கணும்" என்றாள்.